இரு கணினிமொழிகளிடையே ஓர் உடம்படுமெய்

'மணி' என்னும் சொல்லும் 'அழகு' என்னும் சொல்லும் புணருமிடத்து இடையே யகரம் தோன்றி 'மணியழகு' என நிற்கும். அந்த யகரம் நிலைமொழிக்கும் உரியதன்று, வருமொழிக்கும் உரியதன்று. ஆயினும் அஃதின்றி ஈருயிரும் இசைந்து நில்லா. கணினித் துறையிலே ஒரு மொழியில் இயற்றப்பட்ட நிரல் நூலகத்தை வேறொரு மொழியிலிருந்து ஆள்வதற்கென எழுதப்படும் உறைநிரலும் இத்தகைய உடம்படுமெய்யே. அதனைச் சிறுபணி என்று கருதுவோர் பலர். நல்ல நூலகமும் உறையின் குறையாற் பயன் இழத்தல் கூடும் என்பதை ஓர் எடுத்துக்காட்டுக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

உரையின் பகுதிகளைக் கோணக் குறிகளுக்குட் பெயரிட்டுக் காட்டும் எக்ஸ்.எம்.எல். முறை 1998இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாக வெளிவந்தது. அதனை வகுத்த குழுவிலே தொழினுட்பத் தலைமை பூண்ட ஜேம்ஸ் கிளார்க் என்பவரே, அவ்வாறு குறியிட்ட உரையைப் பாகுபடுத்தும் 'எக்ஸ்பற்' என்னும் நூலகத்தைச் சி மொழியில் இயற்றினார். இது முழு உரையையும் நினைவகத்தில் ஏற்றி வைப்பதில்லை. உரை துண்டு துண்டாக வரவர, 'உறுப்புத் தொடங்கிற்று', 'உரை வந்தது', 'உறுப்பு முடிந்தது' என்று தன்னை ஏவிய நிரலுக்கு அறிவித்துக்கொண்டே செல்லும். பகுபதத்தைப் பகுதி, இடைநிலை, விகுதி என மாணவன் வாய்விட்டுப் பிரித்துரைப்பதை இஃது ஒக்கும். சி மொழி பொறிக்கு அணுக்கமானது, ஆதலின் விரைவுடையது. 1995இல் உலாவிக்கென எழுந்த ஜாவாஸ்கிரிப்ற், 2009இல் நோட் என்னும் இயக்கச்சூழல் தோன்றியபின் சேவையகங்களிலும் பெரிதும் பரவிற்று. அதிலே எழுதுவோர் எக்ஸ்பற்றின் விரைவை நாடியதில் வியப்பில்லை.

முதலில் எழும் இடர் உரையை அளக்கும் அளவுகோல் பற்றியது. எக்ஸ்பற் வழக்கமாக உரையை யூ.ரி.எவ்.-8 முறையிலே தரும், ஜாவாஸ்கிரிப்ற் யூ.ரி.எவ்.-16 அலகுகளால் அளக்கும். 'யாழ்' என்னும் சொல் நம் கண்ணுக்கு இரண்டெழுத்து. யகரம், கால், ழகரம், புள்ளி என ஜாவாஸ்கிரிப்ற்றுக்கு அது நான்கு அலகு. யூ.ரி.எவ்.-8 முறையிலோ ஒவ்வொன்றும் மூன்று பைற்றாகப் பன்னிரண்டு பைற்று. எனவே, பிழை நேர்ந்த இடத்தை எக்ஸ்பற் பைற்றுக் கணக்கிற் கூற, உறைநிரல் அவ்வெண்ணை மாற்றாது கொடுக்குமாயின், தமிழ் உரையில் அது பிழைக்கு வெகு தொலைவுக்கு அப்பாற் சென்று விழும். ஆங்கில எழுத்துக்கு இவ்விரு கணக்கும் ஒன்றே. ஆங்கில உரையை மட்டும் வைத்துச் சோதிப்பவர் இக்குறையை ஒருநாளும் காணார்.

இதனோடு ஒட்டியது துண்டுகளின் விளிம்பு. நோட் ஒரு கோப்பை ஓடையாகப் படிக்கும்போது வழக்கமாக 65,536 பைற்றுத் துண்டுகளாகத் தரும். அவ்வெண் மூன்றால் மீதியின்றி வகுபடாது. ஆகவே தமிழ்க் குறியொன்று விளிம்பிலே இரண்டாக வெட்டுப்படுதல் எளிது. பைற்றுகளை அப்படியே கொடுத்தால் எக்ஸ்பற் எஞ்சிய பைற்றைத் தன்னிடம் வைத்திருந்து அடுத்த துண்டோடு சேர்த்துக்கொள்ளும். அதற்கு முன்பே உறைநிரல் ஒவ்வொரு துண்டையும் தனித்தனிச் சரமாக மாற்றிவிடின், வெட்டுண்ட எழுத்து மாற்றுக்குறியாகி ஒழியும். பின்னர் மீட்க வழியில்லை.

அடுத்தது எல்லை கடக்கும் செலவு. ஓர் இலட்சம் உறுப்புகள் உள்ள ஆவணத்துக்குத் தொடக்கமும் முடிவுமாக மட்டும் இரண்டு இலட்சம் அறிவிப்புகள் எழும். ஒவ்வொன்றுக்கும் சி மொழியிலிருந்து ஜாவாஸ்கிரிப்ற்றை அழைத்தால், பாகுபடுத்தலில் ஈட்டிய விரைவு கடத்தலிலே கரைந்துபோம். அறிவிப்புகளை ஓரிடத்தில் தொகுத்து, துண்டு முடியுந்தோறும் ஒருங்கே ஒப்படைப்பதே தக்க முறை. தொகுக்கும்போது உரையைப் படியெடுத்தல் இன்றியமையாதது. எக்ஸ்பற் காட்டும் உரை அந்த ஓர் அழைப்பளவில் மட்டுமே நிலைப்பது. சில நூறு வரிக் கோப்புக்கு இத்துணை முயற்சி வேண்டா. முற்றும் ஜாவாஸ்கிரிப்ற்றில் எழுதப்பட்ட பாகுபடுத்தியே அதற்குப் போதும்.

நினைவகத்தின் உரிமையும் கருதத்தக்கது. ஜாவாஸ்கிரிப்ற் தான் பயன்படுத்தாத பொருள்களைத் தானே நீக்கும். ஆனால் அதன் கண்ணிற் படுவது உறைப்பொருள் ஒன்றே. அதன் பின்னே சி மொழி கொண்டிருக்கும் பேரளவு நினைவகம் அதற்குப் புலப்படாது. எனவே 'மூடு' என்னும் வெளிப்படையான கட்டளை ஒன்று வேண்டும். மூடியபின் எவரேனும் மீண்டும் அழைத்தால் அதனைத் தடுக்கும் சோதனையும் வேண்டும். ஜாவாஸ்கிரிப்ற்றில் எழும் பிழையைப் பற்றிக் கையாளலாம். விடுவிக்கப்பட்ட நினைவகத்தைத் தொடும் சி நிரலோ இயக்கம் முழுவதையும் வீழ்த்திவிடக்கூடும்.

உறைநிரலைப் பொறிக்குப் பொறி தனித்தனியே தொகுக்கும் தொல்லையை, 2017இல் முதன்மை உலாவிகளில் இடம்பெற்ற உவெப்அசெம்பிளி நீக்கிற்று. ஒருமுறை தொகுத்த எக்ஸ்பற் அங்கே எப்பொறியிலும் ஓடும். ஆயினும் அதன் நினைவகம் வளருந்தோறும், ஜாவாஸ்கிரிப்ற் முன்பு பெற்றிருந்த பைற்றுக் காட்சியின் நீளம் சுழியமாகிவிடும். நீண்ட ஆவணத்தின் நடுவே இவ்வாறு நேர்தல் இயல்பாதலின், காட்சியைப் புதிதாகப் பெற்ற பின்னரே உறைநிரல் உரையைப் படித்தல் வேண்டும்.