எஃகை வெட்டும் முன்

மேல்நிலைத் தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானே நிறுத்தும் கட்டுப்பாட்டுக் கருவியின் வெளிக்கூட்டில் இரண்டே பாகங்கள்: சுவரில் பொருத்தும் அடிப்பாகம், அதன்மேல் மாட்டும் மூடி. இரண்டையும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் ஆயிரக்கணக்கில் வார்க்க எஃகு மோல்டு வேண்டும். அதற்குச் சில லட்சம் ரூபாயும் ஆறு முதல் எட்டு வாரங்களும் ஆகும். மோல்டு முடிந்த பிறகு ஒரு திருகுத் துளை 2 மி.மீ. தள்ளியிருப்பது தெரிந்தால், எஃகில் பழைய இடத்தை வெல்டிங் வைத்து அடைத்து, புதிய இடத்தில் துளையிட்டு, மீண்டும் மெருகேற்ற வேண்டும். அதே பிழை காகித அட்டையில் தெரிந்தால் திருத்த ஒரு கத்தியும் ஐந்து நிமிடமும் போதும்.

விரைவு மாதிரியாக்கம் பணத்தை மிச்சப்படுத்துவது இந்த வித்தியாசத்தில்தான். அதன் விதி எளியது: ஒவ்வொரு மாதிரியும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், மலிவான மாதிரி பதில் சொல்லக்கூடிய கேள்வியை விலை கூடிய மாதிரியிடம் கேட்கக் கூடாது. 120 மி.மீ. நீளம், 80 மி.மீ. அகலம், 40 மி.மீ. உயரம் உள்ள ஒரு கூட்டை எடுத்துக்கொண்டு, எஃகு வரை அது கடக்கும் கட்டங்களை வரிசையாகப் பார்ப்போம்.

முதல் கட்டம்: அட்டை

இங்கே கேள்வி, அளவு சரியா என்பது. 3 மி.மீ. நெளியட்டை, கத்தி, எஃகு அளவுகோல், பசை ஆகியவை போதும். அரை மணி நேரத்தில் பெட்டி தயாராகிவிடும். அதற்குள் உண்மையான சர்க்யூட் போர்டு, ரிலே, டெர்மினல், ஒயர் ஆகியவற்றை வைத்துப் பார்க்க வேண்டும். 2.5 சதுர மி.மீ. ஒயர் நினைத்த இடத்தில் சட்டென்று வளையாது. டெர்மினலுக்கும் சுவருக்கும் நடுவே அதற்கு இடம் விட வேண்டும். திருப்புளியை நேராக நிறுத்தித் திருக முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும். 120 மி.மீ. நீளம் 130 ஆக வேண்டுமென்றால், அது தெரியவேண்டிய இடம் இதுவே.

இரண்டாம் கட்டம்: கணினி வரைபடம்

அட்டையில் உறுதியான அளவுகள் கேட் மென்பொருளுக்குப் போகின்றன. சுவரின் தடிமன் 2.5 மி.மீ. எங்கும் ஒரே சீராக இருக்க வேண்டும். சுவரைத் தாங்கும் ரிப் அதில் அறுபது சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, அதாவது 1.5 மி.மீ. அதைவிடத் தடித்தால், பிளாஸ்டிக் ஆறும்போது வெளிப்பரப்பில் சிறு பள்ளம் விழும். மோல்டிலிருந்து பாகம் சிராய்ப்பின்றி வெளிவர, நிற்கும் சுவர்களுக்கெல்லாம் 1 பாகை சாய்வு கொடுக்க வேண்டும். 3 மி.மீ. திருகு ஏறும் தூணுக்கு 2.5 மி.மீ. துளை, 6 முதல் 7 மி.மீ. வெளிவிட்டம். இவை மோல்டுக்கான விதிகள். ஆனாலும் முதல் கோட்டிலேயே சேர்த்துவிட வேண்டும். பிற்பாடு சேர்த்தால், அதுவரை செய்த மாதிரிகள் வேறொரு பொருளின் மாதிரிகளாகிவிடும்.

மூன்றாம் கட்டம்: இழை அச்சு

இப்போது கேள்வி, பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பது. உருகிய பிளாஸ்டிக் இழையை அடுக்கடுக்காக இட்டு உருவத்தை எழுப்பும் 3டி பிரிண்டர் இதற்குப் பயன்படுகிறது. அமெரிக்கரான ஸ்காட் கிரம்ப் இம்முறைக்கு 1989-இல் விண்ணப்பித்து 1992-இல் காப்புரிமை பெற்றார். 2009-இல் அது காலாவதியானதும் மேசைமேல் வைக்கும் மலிவான பொறிகள் பெருகின.

0.4 மி.மீ. நாசில், 0.2 மி.மீ. அடுக்கு, 1.75 மி.மீ. பிஎல்ஏ இழை, நாசிலில் சுமார் 200 பாகை செல்சியஸ், தட்டில் 60 பாகை. இரு பாகங்களுக்கும் சேர்த்து ஏறக்குறைய 110 கிராம் இழை செலவாகும். ஒரு கிலோ ஆயிரம் ரூபாய் அளவில் கிடைப்பதால் மூலப்பொருள் செலவு நூறு ரூபாயை ஒட்டியே நிற்கும். மூடியின் விளிம்புக்கும் அடிப்பாகத்தின் பள்ளத்துக்கும் பக்கத்துக்கு 0.2 மி.மீ. இடைவெளி விட்டு அச்சிட்டு, வெர்னியர் காலிப்பரால் அளந்து, மூடிப் பார்க்க வேண்டும்.

திருத்தம் தேவைப்பட்டால் முழுக் கூட்டையும் மறுபடி அச்சிட வேண்டியதில்லை. மூடி மாட்டும் மூலையை மட்டும் வரைபடத்தில் 20 மி.மீ. துண்டாக நறுக்கி அச்சிட்டால் சுமார் அரை மணி நேரத்தில் கைக்கு வந்துவிடும். இடைவெளியை 0.15, 0.20, 0.25 மி.மீ. என்று மூன்று விதமாக வைத்து மூன்று துண்டுகளை ஒன்றாகவே அச்சிட்டு, எது இறுக்கமாகவும் சுலபமாகவும் மூடுகிறது என்று விரலாலேயே முடிவு செய்யலாம்.

மூடியைப் பிடிக்கும் லாக்கை நிற்கவைத்து அச்சிட்டால், வளைக்கும்போது அடுக்குகளுக்கு நடுவே ஒடியும். படுக்கவைத்து அச்சிட வேண்டும். அப்படிச் செய்தாலும் லாக்கின் ஆயுளைப் பிஎல்ஏ சொல்லாது. வெப்பத்தையும் அதில் சோதிக்க முடியாது; 60 பாகையை நெருங்கும்போதே இளகிவிடும். அக்கேள்விகள் அடுத்தடுத்த கட்டங்களுக்கு உரியவை.

நான்காம் கட்டம்: பிசின் அச்சு

இங்கே கேள்வி, தோற்றமும் தொடுகையும். திரவப் பிசினை ஒளியால் இறுகச் செய்யும் இம்முறைக்குச் சக் ஹல் 1986-இல் காப்புரிமை பெற்றார். அடுக்கு 0.05 மி.மீ. என்பதால் வரிகள் ஏறக்குறைய கண்ணுக்குத் தெரியாது. பொறியிலிருந்து எடுத்த பாகத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பத்து முதல் இருபது நிமிடம் அலசி, அச்சிடும்போது அதைத் தாங்கி நின்ற தாங்கிகளை நறுக்கி, புற ஊதா ஒளியில் அரை மணி நேரம் வைக்க வேண்டும். பிறகு 400, 800, 1200 எண் உப்புத்தாள்களால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, நிறம் பூச வேண்டும். பித்தான் அமுங்கும் ஆழம், விளக்கு தெரியும் துளை, எழுத்தின் அளவு எல்லாம் இதில் முடிவாகும்.

ஐந்தாம் கட்டம்: சிலிகான் மோல்டு

பிசின் மாதிரியே இப்போது தாய் மாதிரியாகிறது. கேள்வி, பயன்படுத்துவோர் கையில் கூடு தாங்குமா என்பது. அதற்குப் பத்துப் பதினைந்து கூடுகள் வேண்டும்.

மோல்டு இரண்டாகப் பிரிய வேண்டிய பிரிவுக்கோட்டில் மாதிரியின்மேல் நிற நாடா ஒட்டி, ஒரு பெட்டிக்குள் தொங்கவிட வேண்டும். சிலிகானையும் கடினப்படுத்தியையும் எடையில் 10:1 விகிதத்தில் கலந்து வெற்றிடக் கலத்தில் வைத்தால், உள்ளிருக்கும் காற்று நுரைத்துப் பல மடங்கு பொங்கும். அதனால் பாத்திரம் பெரிதாக இருக்க வேண்டும். நுரை அடங்கியதும் ஊற்றி, 40 பாகையில் பத்து மணி நேரம் அளவுக்கு இறுகவிட வேண்டும். பிசின் மாதிரி முழுதாக இறுகாமல் இருந்தால் அதைத் தொடும் சிலிகான் பிசுபிசுவென்றே நின்றுவிடும். முந்திய கட்டத்தின் புற ஊதா ஒளியும் பிரைமரும் இங்கேயும் கைகொடுக்கின்றன.

இறுகிய சிலிகானை நாடாவின் நிறத்தைத் தடம்பிடித்து, கூரிய கத்தியால் வேண்டுமென்றே நெளிநெளியாக வெட்டுகிறார்கள். மீண்டும் சேர்க்கும்போது இரு பாதிகளும் அந்த நெளிவுகளில் தாமே சரியாக உட்கார்ந்துகொள்ளும். தனி ஊசி வேண்டியதில்லை. பிறகு ஏபிஎஸ் போன்ற பாலியூரித்தேனை வெற்றிடத்தில் ஊற்றி, 70 பாகையில் சுமார் ஒரு மணி நேரம் வைத்து எடுக்கலாம். ஒரு மோல்டில் 15 முதல் 25 பாகங்கள் வரும். இவற்றைச் சுவரில் மாட்டி, லாக்கைத் திறந்து மூடி, எலக்ட்ரீஷியன் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

ஆறாம் கட்டம்: எஃகு

மாதிரிகளால் பதில் சொல்ல முடியாத கேள்விகள் சில உண்டு. பள்ளம் விழுமா, பாகம் முறுக்கிக்கொள்ளுமா என்பதைப் பிளாஸ்டிக் பாயும் விதத்தைக் கணிக்கும் மென்பொருளில் பார்க்க வேண்டும். தீ, மின் பாதுகாப்புச் சோதனைகளை உற்பத்திக்கு வரும் அதே பொருளில்தான் செய்ய வேண்டும்.

இனி பி20 எஃகில் வெட்டலாம். ஏபிஎஸ் ஏறக்குறைய 0.5 சதவீதம் சுருங்கும். எனவே 120 மி.மீ. பாகத்துக்கு மோல்டு 120.6 மி.மீ. லாக்கைச் சற்றுத் தளர்வாகவே விட்டு வெட்ட வேண்டும். முதல் வார்ப்பில் தளர்வு கூடுதலாகத் தெரிந்தால் எஃகைச் சிறிது சுரண்டினால் போதும். பிளாஸ்டிக் அந்த அளவு தடித்து இறுகும். மாறாக எஃகை அதிகமாக எடுத்துவிட்டால் வெல்டிங்தான் வழி. எஃகை எடுப்பது சுலபம், சேர்ப்பது கடினம் என்பதை வைத்தே நல்ல மோல்டுக்காரர் முதல் வெட்டைத் தீர்மானிக்கிறார்.

ஐந்து கட்டங்களும் ஒழுங்காக முடிந்திருந்தால் மோல்டுப் பட்டறைக்குப் போகும் வரைபடத்தில் மாதிரியால் பதில் சொல்லக்கூடிய திறந்த கேள்வி எதுவும் இராது. அப்படி ஒரு கேள்வியாவது மிச்சமிருந்தால் மோல்டுக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள். அதற்கான மாதிரியை முதலில் செய்யுங்கள். எந்த மாதிரியும் எஃகை இரண்டாம் முறை வெட்டுவதைவிட மலிவானது.