கண்ணாடித் தொட்டியில் ஆகாயத்தாமரை

வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்து மீன் வளர்ப்போர் அநேகர், அழகை உத்தேசித்து ஆகாயத்தாமரையை ஜலத்தின்மேல் மிதக்க விடுகின்றனர். இதற்கு மண் வேண்டுவதில்லை. மீன்களின் கழிவினால் ஜலத்தில் சேரும் அம்மோனியா, நைட்ரேட் முதலியவற்றையே வேர்கள் உரமாக உறிஞ்சிக் கொள்கின்றன. மீன் குஞ்சுகளுக்கு வேர்க்கற்றை நல்ல ஒதுக்கிடமாகும்.

நல்ல வெளிச்சம் அவசியம். மூடியினின்று நீர் ஓயாமல் சொட்டினால் இலைகள் அழுகுமாதலால், மூடியைச் சற்று உயர்த்திக் காற்றுக்கு வழி விடுதல் வேண்டும். தாய்ச்செடியினின்று ஓடுதண்டுகள் கிளம்பி, அவற்றின் நுனியில் கன்றுகள் உண்டாகும். இவை ஜலமட்டத்தில் பாதிக்குமேல் பரவ விடலாகாது. முழுதும் மூடிக்கொண்டால், விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து மூச்சுக்குத் தவிக்கும்.

மிகுந்த கன்றுகளை என் செய்வது? இதை விற்பவர் சொல்வதில்லை. பலர் அருகிலுள்ள குளத்தில் எறிந்து விடுகின்றனர். இது பெருந்தவறு. மான்சோனியா என்னும் கொசுவின் புழுக்கள், மற்றக் கொசுப் புழுக்களைப்போல் மூச்சுவிட ஜலமட்டத்திற்கு வருவதில்லை. ஆகாயத்தாமரை போன்ற நீர்ச்செடிகளின் வேரைத் துளைத்து, அதிலுள்ள காற்றையே உட்கொள்ளும். ஆதலின் எண்ணெய் தெளித்தும் பயனில்லை. செடியையே அகற்ற வேண்டும். கேரளத்துச் சேர்த்தலைப் பகுதியில் யானைக்கால் நோயைப் பரப்பி வந்தது இக்கொசுவே.

வேண்டாத கன்றுகளை வெயிலில் நன்கு உலர்த்தி, எருக்குழியில் இட்டு மண் மூடினால், மக்கிக் காய்கறிப் பாத்திக்கு உதவும்.