மீதியை என் செய்வது?

வகுத்தல் கணக்கு பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியது அன்று. துணியை அளந்து வெட்டுவோர்க்கும், விளைபொருளை மூட்டை கட்டுவோர்க்கும், சங்கத்தின் இலாபத்தைப் பங்கிடுவோர்க்கும் அது வேண்டுவதே. ஈவு காணும் முறையைப் பிள்ளைகள் விரைவில் கற்றுவிடுகின்றனர். மீதியை என் செய்வது என்பதில்தான் தடுமாறுகின்றனர்.

இக்குறை நம் ஊர்களுக்கே உரியதன்று. அமெரிக்க நாட்டில் 13 வயது மாணவர்க்கு நடத்திய தேசியத் தேர்வொன்றின் முடிவுகள் 1983-இல் வெளிவந்தன. ஒரு பேருந்தில் 36 படைவீரர் செல்லலாம் எனின், 1128 வீரர்க்கு எத்தனை பேருந்துகள் வேண்டும் என்பது வினா. நூற்றுக்கு 70 பேர் சரியாகவே வகுத்தனர். ஆயினும், 32 என்னும் உரிய விடையைத் தந்தோர் 23 பேரே. 29 பேர் "31, மீதி 12" என்று எழுதினர்; 18 பேர் 31 என்பதோடு நிறுத்தினர். அவர்தம் கணக்கின்படி 12 வீரர் வண்டியின்றிச் சாலையில் நிற்க வேண்டியதுதான்!

50-ஐ 4-ஆல் வகுத்தால் ஈவு 12, மீதி 2. இந்த ஒரே வகுத்தல் நான்கு விடைகளைத் தருவதைப் பாருங்கள்.

50 மீட்டர் துணியில் 4 மீட்டர் வேட்டிகள் எத்தனை? 12. எஞ்சிய 2 மீட்டர் வேட்டியாகாது. ஆதலின் மீதியை விட்டுவிடுகிறோம்.

தள்ளுவண்டியில் நடைக்கு 4 மூட்டையாக 50 நெல் மூட்டைகளைக் கிடங்கில் சேர்க்க எத்தனை நடை? 13. இரண்டு மூட்டையைக் களத்தில் விட்டுவர இயலாது, ஒன்றைக் கூட்டுகிறோம்.

50 ரூபாயை நால்வர் சமமாகப் பகிர்ந்தால்? ஆளுக்கு 12 ரூபாய் 50 காசு. மீதியையும் பங்கிடுகிறோம்.

50 தேங்காய்களை நால்வர் சமமாக எடுத்துக்கொண்டபின், கோயிலுக்கு எஞ்சுவன எத்தனை? 2. இங்கே மீதியே விடை.

ஆகவே, வகுத்து முடித்தவுடன் பிள்ளையிடம் இரண்டு வினாக்களைக் கேளுங்கள். மீதியாய் நிற்பது எப்பொருள்? அதைப் பிரிக்கலாமா, விடலாமா, சேர்த்தே ஆகவேண்டுமா? சிறு குழந்தையாயின் புளியங்கொட்டைகளை நான்கு நான்காகக் கூறு வைக்கச் சொல்லுங்கள். மீதி கண்முன்னே கிடக்கும். சரிபார்க்கவும் வழியுண்டு: நாலு பன்னிரண்டு 48, அதனோடு 2 கூட்ட, 50. மீதி எப்போதும் வகுக்கும் எண்ணினும் சிறியதாகவே இருத்தல் வேண்டும்.

சங்கக் கணக்குகளைப் பார்வையிடும் நாம் ஒன்றை நன்கு அறிவோம். பேரேட்டில் மீதியாய் நிற்கும் காசும் உறுப்பினர்க்கு உரியதே. "மீதி எவ்வளவு? அது எங்கே சேர்ந்தது?" என்று பொதுக்குழுவில் எழுந்து கேட்கும் உறுப்பினரே சங்கத்திற்குக் காவல். அவ்வாறு கேட்கும் பழக்கத்தை இன்று சிலேட்டுப் பலகையிலேயே நம் மக்களுக்குத் தொடங்கி வைப்போமாக.