உஷார்! புகை பெரிதென்றால் பற்றரிக்கு ஆபத்து பெரிது

"புதுசாத் தொடங்கப் போறன், நல்ல வேப் ஒன்று சொல்லுங்கோ. புகை மண்டலமா வரவேணும்" என்று கேட்கும் தம்பிமாருக்கு என்னிடம் ஒரே பதில்தான்: வாங்காதே. நிக்கொட்டின் பற்றிய புத்திமதி பிறகு இருக்கட்டும். இப்போதைக்கு என் பயமெல்லாம் உன் காற்சட்டைப் பையில் கிடக்கப்போகும் பற்றரியைப் பற்றியது.

நம்மூர் உப்புவெளி, நிலாவெளிக் கரையில் உல்லாசப் பயணிகள் தலை மறையப் புகை விடுவதைப் பார்த்து ஆசை வருகிறது. யூரியூப்பில் யார் பெரிய மேகம் விடுவது என்ற போட்டியே நடக்கிறது. அந்த மேகம் எங்கிருந்து வருகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை.

வேப் எனும் இலத்திரனியல் சிகரெட்டுக்குள் இருப்பது ஒரு பற்றரி, ஒரு கம்பிச் சுருள், திரவத்தில் ஊறிய பஞ்சு, அவ்வளவுதான். பொத்தானை அமத்தினால் சுருள் சூடேறி, கிளிசரின் திரவம் ஆவியாகிறது. ஆவி கூட வரவேண்டுமென்றால் சூடு கூடவேண்டும். அதற்காகச் சுருளின் மின்தடையைக் குறைக்கிறார்கள். மிச்சம் சாதாரணதரப் பரீட்சைக் கணக்கு. முழுதாகச் சார்ஜ் ஏறிய பற்றரி 4.2 வோல்ட். சுருள் 0.15 ஓம் என்றால் ஓடும் மின்னோட்டம் 28 அம்பியர். உன் வீட்டுச் சுவரில் உள்ள பிளக் 13 அம்பியருக்குச் செய்தது. அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல், விரல் பருமன் பற்றரி ஒன்றிடம் கேட்கிறாய்!

அந்தப் பற்றரியின் பெயர் 18650. விட்டம் 18 மில்லிமீற்றர், நீளம் 65. இரவில் கடலுக்குப் போகிறவர்களின் தலை டோர்ச்சில் அதைக் காணலாம், பழைய மடிக்கணினிப் பொதியைப் பிரித்தாலும் வரும். 'இதுவும் அதுதானே' என்று அதைக் கழற்றி வேப்பில் போடத் தோன்றும். அங்கேதான் ஆபத்து. உருவம் ஒன்றுதான், தாங்கும் சக்தி வேறு. மடிக்கணினிப் பற்றரி அனேகமாக 5 அம்பியர் அளவில் நிதானமாகக் கொடுக்கச் செய்தது. அதனிடம் 28 கேட்டால் கொதிக்கும். ஓர் எல்லைக்கு மேல் உள்ளே இரசாயனமே தன்னைத்தான் சூடாக்கத் தொடங்கிவிடும். பிறகு பொத்தானை விட்டாலும் நிற்காது.

கடையில் புதிதாக வாங்கினால் சரியா? லேபிளைப் பாருங்கள். கொள்ளளவு 9900 எம்.ஏ.எச். என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் அது பொய். உலகத்தின் நல்ல கொம்பனிகளே இந்த அளவுப் பற்றரியில் அதில் பாதியைக்கூட அடைக்கவில்லை. அசல் சுமார் 45 கிராம் இருக்கும், போலி கையில் எடுத்ததுமே இலேசாக இருக்கும். பழைய பற்றரிக்குப் புது உறை போட்டு விற்பதும் உண்டு. அசல் கொம்பனிகளோ இவற்றைத் தனித்தனியாகப் பொதுமக்கள் கையில் கொடுப்பதற்காகச் செய்வதேயில்லை. அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணைக்குழு 2021 ஜனவரியில், உதிரி 18650 பற்றரிகளை வாங்கவே வேண்டாம் என்று எச்சரித்தது.

அந்தப் பற்றரியின் தலைப்பக்கத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள். நடுவில் நேர்முனை. அதைச் சுற்றி வெள்ளைக் கடதாசி வளையம் ஒன்று. வளையத்துக்கு வெளியே விளிம்பிலிருந்து அடிவரை முழு உலோகக் கூடும் எதிர்முனை. இரண்டுக்கும் நடுவில் ஓரிரு மில்லிமீற்றர்தான் இடைவெளி, காவலுக்கு இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் உறை. பையில் கிடக்கும் வீட்டுச் சாவியோ ஐந்து ரூபாய்க் குற்றியோ அந்த உறையைக் கீறி இரண்டையும் தொட்டுவிட்டால் போதும். தொடையில் நெருப்பு. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2009 முதல் 2016 வரை நடந்த 195 வேப் வெடிப்பு, தீ விபத்துகளைத் தொகுத்தது. 133 பேர் காயப்பட்டார்கள், 38 பேருக்குக் கடுங்காயம். அந்த 195இல் 61 சம்பவம், சும்மா பையில் கிடந்தபோதே நடந்தது. இன்னும் 60, வாயில் வைத்து இழுத்தபோது.

இவற்றுள் மோசமானது 'மெக்கானிக்கல் மொட்' என்னும் வெறும் உலோகக் குழாய். சூட்டையும் மின்னோட்டத்தையும் பார்த்து நிறுத்தும் சுற்றுப் பலகை அதில் கிடையாது. பெரிய புகைக்காரர் தேடிப் போவதும் இதைத்தான். உள்ளே பற்றரி வெடித்தால் வாயு போக வழியில்லாமல் குழாயே துப்பாக்கி போலாகிறது. 2018 மே மாதம் புளோரிடாவில் 38 வயதுக்காரர் ஒருவர் இப்படி இறந்தார், துண்டு மண்டைக்குள் போயிருந்தது. 2019 ஜனவரியில் டெக்சாஸில் 24 வயது இளைஞர் ஒருவரின் கழுத்து நாடியை உலோகத் துண்டு அறுத்தது.

நாமிருப்பதோ துறைமுக ஊர். படகில் அவுட்போர்ட் மோட்டருக்கு மண்ணெண்ணெய்க் கலன், உப்புக் காற்று, வியர்வை. சீனன்குடாவிலோ பிரிட்டிஷ்காரன் கட்டிய எண்ணெய்க் குதங்கள். 1942 ஏப்ரல் 9 யப்பான் குண்டுவீச்சில் அதில் ஒன்று எரிந்த கதை இங்கே தாத்தாமாருக்குத் தெரியும். அப்படிப்பட்ட இடத்துக்குத் தீப்பெட்டி கொண்டுபோகமாட்டோம், இதை மட்டும் பையில் போட்டுக்கொண்டு போவோமா? நடுப்பகல் வெயிலில் நிற்கும் ஓட்டோவிலும் அதை விட்டுவிட்டு வராதீர்கள்.

'தண்ணி ஆவிதானே' என்பார்கள். இல்லை. அது கிளிசரின், புறொப்பிலீன் கிளைக்கோல், சுவையூட்டி, பெரும்பாலும் நிக்கொட்டின். கள்ளத் திரவத்தில் என்ன கலந்திருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது. 2020 பெப்ரவரி வரை அமெரிக்காவில் வேப்பால் நுரையீரல் கெட்டு 2807 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் காரணம் கஞ்சாச் சத்துத் திரவத்தில் கலந்த விற்றமின் ஈ அசிற்றேற்று.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், புகையிலை அடங்கிய இலத்திரனியல் சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை மூன்றையும் நம் நாடு 2016இலேயே தடை செய்தது. 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்குப் புகையிலைப் பொருள் விற்பதும் குற்றம். திருச்சி, சென்னைக்குக் கோயில் குளம் என்று போகிறவர்கள் பையைப் பார்த்துக்கொள்ளுங்கள்: இந்தியாவின் 2019 சட்டப்படி வேப் இறக்குமதிக்கு முதல்முறையே ஓராண்டு வரை சிறை, ஒரு இலட்சம் இந்திய ரூபா வரை தண்டம். சிங்கப்பூரில் கையில் வைத்திருப்பதே குற்றம். லண்டன் மாமா பரிசாகக் கொண்டுவரும் 'ஒருதரம் பாவித்து எறியும்' வகையை அந்த நாடே 2025 ஜூன் 1 முதல் விற்கவிடவில்லை. விமானத்தில் வேப்பைச் சரக்கறைக்குப் போகும் பெரிய சூட்கேசில் போடுவதும் 2015 முதல் தடை.

வீட்டில் ஏற்கெனவே பற்றரி கிடக்கிறதா? உறை கிழிந்ததை, வீங்கியதை, சார்ஜில் கொதிப்பதைப் பாவிக்காதீர்கள். ஒவ்வொன்றையும் தனித்தனிப் பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள். இரவு முழுக்கச் சார்ஜில் விட்டுப் படுக்காதீர்கள். குப்பையில் எறியவும் வேண்டாம், எரிக்கவும் வேண்டாம். நிக்கொட்டின் திரவப் போத்தல் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும், அது நஞ்சு.

எரிந்துவிட்டால் உடுப்பைக் கழற்றி, ஓடும் குளிர்நீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசை பூசாதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள். 1990 சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிட்டு பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். பற்றரியால் வந்த காயம் என்று டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அதில் இரசாயனப் புண்ணும் சேர்ந்திருக்கலாம். சிகரெட்டை விடத்தான் வேப்பைத் தேடினீர்கள் என்றால், தேசிய புகையிலை மற்றும் மதுசாரம் மீதான அதிகார சபையின் 1948 இலக்கத்துக்கு ஒரு கோல் எடுங்கள்.