எண்ணெயின் பதமறிதல்

பட்டினப்பாக்கத்துக் கடற்கரையில் நிற்போர்க்கு மீன்படகுகளின் இயந்திர ஒலி கேளாத நாள் அரிது. அவ்வியந்திரங்களை ஓட்டும் எண்ணெய் எவ்வாறு பிறந்தது என எண்ணுவாரோ சிலரே. இக்கரையைப் பற்றியே தெற்கே செல்வோமாயின் காவிரிப் படுகையை அடைவோம். அங்கே, நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் 1985-ம் ஆண்டில் எண்ணெய் கண்டறியப்பட்டது. நிலத்தடி எண்ணெய் தன் பிறப்பைத் தானே உரைக்கும் வகையை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

பண்டை நீர்நிலைகளில் வாழ்ந்து மடிந்த பாசி முதலிய நுண்ணுயிர்கள் சேற்றோடு புதையுண்டன. அச்சேறு இறுகித் தாய்ப்பாறையாயிற்று. காவிரிப் படுகையில் கிரெட்டேசியக் காலத்து ஆண்டிமடம் பாறையடுக்கு அத்தகையது. பாறை அமிழ அமிழ வெப்பம் மிகும். ஏறத்தாழ 60 முதல் 150 பாகை செல்சியஸ் வரை உள்ள வெப்பத்தில், நெடுங்காலத்தில், எண்ணெய் பிறக்கும். வெப்பம் குறையின் அஃது அரைவேக்காடு. மிகின் எண்ணெய் சிதைந்து வாயுவாய்விடும். ஆதலின், தாய்ப்பாறை பதமாக வெந்ததா என்பதே முதற்கண் அறியத்தக்கது.

இதற்குச் சான்று பகர்வன உயிர்க்குறி மூலக்கூறுகள். இவை உயிர்களின் உடலில் இருந்த பொருள்களின் வழிவந்தவை. அடிப்படைக் கட்டமைப்புக் கெடாது எண்ணெயில் தங்குபவை. பச்சையத்தின் வழிவந்த பொருள் எண்ணெயில் உண்டென்பதை 1934-ம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ஆல்பிரட் டிரைப்ஸ் காட்டி, இத்துறைக்கு வித்திட்டார்.

பாசி முதலியவற்றினின்று வருவது ஸ்டெரேன்; பாக்டீரியாவினின்று வருவது ஹோப்பேன். ஒரே அணுக்களால் ஆகியும், வலக்கையும் இடக்கையும்போல அமைப்பில் வேறுபடும் இருவடிவங்கள் இவற்றுக்கு உண்டு. உயிர்கள் ஆக்குவது ஒருவடிவமே. வெப்பம் ஏற ஏற அதன் ஒருபகுதி மற்றை வடிவமாய் மாறும். புதுவடிவத்தின் பங்கு, ஸ்டெரேனில் நூற்றுக்குச் சுமார் 55 வரையும், ஹோப்பேனில் சுமார் 60 வரையும் உயர்ந்து நின்றுவிடும். அப்பங்கினை அளந்தால் பாறை எவ்வளவு வெந்தது என்பது புலனாகும்.

பாறையிற் கிடக்கும் மரத்துணுக்குகள் ஒளியை எதிரொளிக்கும் திறனை நுண்பெருக்கியால் அளந்தும் இதனை அறிவர். ஆயின், தாயை விட்டுத் தொலைவு சென்ற எண்ணெயில் அத்துணுக்குகள் இரா, உயிர்க்குறிகளோ உடன்செல்லும். இதுவே அவற்றின் தனிச்சிறப்பு.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். ஈண்டோ ஒரு சோறு போதாது. ஹோப்பேன் எண்ணெய்ப் பிறப்பின் தொடக்கத்திலேயே தன் எல்லையை எட்டிவிடும். ஸ்டெரேன் இன்னும் சிறிது தொலைவு வழிகாட்டும். அதற்கப்பால் வேறு அளவைகள் வேண்டும். மேலும், தாய்ப்பாறையின் இயல்பு வேறுபடின் சில அளவைகளும் வேறுபடும். ஆதலின் பல சான்றுகளை ஒப்புநோக்கியே முடிவு கூறல் தகும்.

இவ்வாராய்ச்சி நமக்கு எற்றுக்கு எனின், காவிரிப்படுகை எண்ணெய்க்கு மட்டுமன்றி நெல்லுக்கும் தாய்நிலம். அந்நிலத்தைக் காக்கவே, அங்குப் புதிய எண்ணெய், எரிவாயு அகழ்வுகளைத் தடுக்கும் சட்டம் 2020-ம் ஆண்டில் தமிழ்நாட்டில் இயற்றப்பட்டது. எண்ணெய் தேடுவோர் எந்நாட்டவராயினும், பாறையின் பதமறியாது துளையிடின், பொருளும் நிலமும் ஒருங்கே பாழாம். ஒரு துளி எண்ணெயை முறையாக வினவுதல், வயலில் ஒரு வீண்குழியைத் தவிர்க்குமாயின், அவ்வறிவு உழவர்க்கும் உறுதுணையே யாம்.