பாசனத் தண்ணீரில் மின்சாரம்: ஒரு சொல்லால் வந்த தாமதம்

மேலூர் வட்டார வயல்களில் பாயும் பெரியாற்றுத் தண்ணீர், வழியில் ஒரு வேலையை முடித்துக்கொண்டுதான் வருகிறது. குமுளி மலையடிவாரத்தில், லோயர் கேம்ப்பில், நான்கு ராட்சதக் குழாய்கள் வழியே இறங்கி மின் இயந்திரங்களைச் சுழற்றுகிறது. பிறகு முல்லையாற்றில் ஓடி, வைகை அணை சேர்ந்து, பேரணை வழியே கால்வாயில் திரும்புகிறது. சுழற்றுவதால் தண்ணீர் ஒரு படி கூடக் குறைவதில்லை. ஆனால் இதற்கு அனுமதி பெறுவதற்குள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

1886 அக்டோபர் 29-ல் கையெழுத்தான பத்திரப்படி, திருவிதாங்கூர் சமஸ்தானம் 8,000 ஏக்கரை 999 ஆண்டுக் குத்தகைக்குச் சென்னை அரசிடம் விட்டது. வாரம் ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய். நோக்கம் பாசனம். மின்சாரத்தை அன்று யார் நினைத்தார்கள்? பின்னாளில் அதே நீரில் மின்சாரம் எடுக்கச் சென்னை அரசு முற்பட்டதும் திருவிதாங்கூர் ஆட்சேபித்தது. வழக்கு மத்தியஸ்தத்துக்குப் போயிற்று. நடுவர் நளினி ரஞ்சன் சட்டர்ஜி 1941 மே மாதம் தீர்ப்பளித்தார்: தண்ணீர் பாசனத்துக்கு மட்டுமே, மின்சாரத்துக்கு அல்ல.

சுதந்திரத்துக்குப் பிறகு பேச்சுவார்த்தை தொடர்ந்தது. மின் நிலையத்தில் 1958-ல் முதல் இயந்திரமும் 1965-ல் நான்காவதும் ஓடத் தொடங்கின. அன்று மொத்தம் 140 மெகாவாட். முறையான உடன்படிக்கை எழுதப்பட்டதோ 1970 மே மாதத்தில்தான், அதுவும் 1954 முதலே செல்லும் என்று! வாரம் ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்ந்தது. மின்சாரத்துக்குத் தனிக் கட்டணம்: ஆண்டுக்கு 35 கோடி யூனிட் வரை, ஒரு கிலோவாட்-ஆண்டுக்கு 12 ரூபாய். ஒரு கிலோவாட்-ஆண்டு என்பது 8,760 யூனிட். கணக்குப் போட்டால் ஒரு பைசாவுக்கு ஏழு யூனிட்டுக்கு மேல் வருகிறது. அதற்கு மேல் உற்பத்தியானால் 18 ரூபாய்.

வைகை அணையிலும் 6 மெகாவாட் நிலையம் உண்டு. பாசனத்துக்குத் திறக்கும் நீரே அதையும் ஓட்டுகிறது.

10 மெகாவாட் வரையிலான சிறு புனல் மின் திட்டங்களுக்கென 2024-ல் தமிழக அரசு ஒரு கொள்கை வெளியிட்டது. இனி கால்வாயில் நீர் விழும் இடங்களைத் தேடிப் பலர் வரலாம். தன் வயலோரம் ஓடினாலும் கால்வாய் அரசுடையது. நீர்வளத்துறையின் அனுமதியின்றி அதில் சக்கரம் வைக்கக் கூடாது. உற்பத்தியை விற்க மின்வாரியத்தின் சம்மதம் வேண்டும். வனநிலம் தொட்டால் வனத்துறையின் அனுமதியும் தனி.

இவற்றைக் கேட்டு வாங்குவது திட்டக்காரரின் பாடு. ஆயக்கட்டு விவசாயி பார்க்க வேண்டியது ஒரே ஷரத்து: மடை திறப்பது பயிரின் தேவைப்படியா, இயந்திரத்தின் தேவைப்படியா? மின்தேவை ஏறும் மாலையில் மட்டும் தண்ணீர் விட்டால் கடைமடைக்கு முறை எப்படி வந்து சேரும்? ஊருக்கு அருகே இப்படி ஒரு திட்டம் வருவதாகத் தெரிந்தால், பாசன சங்கத்தார் உடனே நீர்வளத்துறை செயற்பொறியாளரிடம் எழுத்து மூலம் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.