பின்பக்கம் தூக்கி நின்ற வண்டி

சென்ற கோடையில் பள்ளிவாசலில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். மூணாறை அடுத்த ஊர். 1940-ல் திருவிதாங்கூரின் முதல் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது அங்கேதான். எங்கள் தாத்தா திருநெல்வேலிப் பக்கமிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு மலையேறியவர். நான் டிப்ளமோ முடித்து ரயில்வே வேலையாக மும்பைக்கு வந்துவிட்டேன். தங்கை அங்கேயே இருந்துவிட்டாள். நம் சங்கத்தில் பலர் வீட்டுக் கதையும் ஏறக்குறைய இதுதானே!

தங்கை மகன் வட்டவடையிலிருந்து காரட், கோஸ் ஏற்றி அடிமாலி வழியாகக் கீழே கொண்டுபோகிறான். சொந்தமாக ஒரு பிக்கப். நான் போய் இறங்கிய அன்றே ஆரம்பித்துவிட்டான்.

"மாமா, காலியா நிக்கும்போது பின்னாடி தூக்கிட்டு நிக்குது பாருங்க. லெவலா இறக்கிடலாம்னு பட்டறையில சொன்னாங்க. ஒரு பட்டையைக் கழட்டியாச்சு. இன்னும் ரெண்டு அங்குலம் இறக்கணும்."

வெறும் அழகுக்காக மட்டும் அவன் கேட்கவில்லை. மூட்டை ஏற்றும் பெண்களுக்குத் தட்டு உயரமாக இருக்கிறது. அவர்களில் என் தங்கையும் ஒருத்தி, தோள்பட்டை வலிக்காரி. அதனால் சட்டென்று வேண்டாம் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு வண்டியடியில் குனிந்தேன்.

பின்பக்கம் தூக்கி நிற்பது பிக்கப்பின் குறை அல்ல. பாரம் ஏறினால் சமமாக வரட்டும் என்றுதான் பின் ஸ்பிரிங்கை வளைத்து வைத்திருக்கிறார்கள். ரயில் பெட்டியிலும் இதே கணக்கு உண்டு. அகலப் பாதையில் தண்டவாளத்திலிருந்து பஃபரின் நடு உயரம் காலிப் பெட்டியில் 1105 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, பாரத்தோடு 1030-க்குக் கீழே இறங்கக் கூடாது. ஐ.சி.எஃப். பெட்டியின் சக்கரம் புதிதில் 915 மில்லிமீட்டர் விட்டம். கடைந்து கடைந்து 889 ஆனால் 13 மில்லிமீட்டர் வளையம், 863 ஆனால் 26 என்று ஸ்பிரிங்குக்கு அடியில் கொடுத்து உயரத்தை மீட்போம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு போகிக்கு வளையம் போட்டுவிட்டு மற்றதை மறந்தேன். அன்று மேற்பார்வையாளர் என்னைப் பெட்டிக்கு அடியில் படுக்க வைத்து எட்டு சக்கரத்தையும் அளக்க வைத்தார். அது இருக்கட்டும்.

மருமகன் வண்டியில் ஐந்து பட்டையில் ஒன்று போயிருந்தது. ஒரே கனமுள்ள பட்டைகள் என்றால் ஸ்பிரிங்கின் பலத்தில் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. மீதி நான்கும் ஆளுக்குக் கால் பங்கு அதிகம் சுமக்க வேண்டும். காலியாக அளந்தேன்: பின்பக்கம் 50 மில்லிமீட்டர் உயரம். மறுநாள் காரட் ஏற்றியபின் அளந்தால் முன்பக்கத்தைவிட 70 தாழ்வு! மூக்கு வானத்தைப் பார்த்தது. இரவில் அதன் விளக்கு எதிரே வருகிறவன் கண்ணில்தான் விழும். அவன் பக்கத்தில் உட்கார்ந்து இறங்கினேன். ஒவ்வொரு குழியிலும் அச்சு ரப்பர்க் கட்டையில் மோதி 'டங்' என்றது. ரப்பர் மோதிவிட்டால் அப்புறம் ஸ்பிரிங் என்று ஒன்று இல்லை; அடி நேரே சட்டத்துக்குத்தான்.

அதைவிட என்னைக் கலக்கியது பிரேக். பல பிக்கப்புகளைப் போல இதிலும் பின் அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு கம்பியும் வால்வும் உண்டு. சட்டம் தாழ்ந்திருந்தால் பாரம் இருக்கிறது என்று எண்ணிப் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும், உயர்ந்திருந்தால் குறைக்கும். பட்டையைக் கழற்றிச் சட்டத்தை இறக்கினால் காலி வண்டியையும் அது பார வண்டி என்றே நம்பும். ஈரச் சாலையில் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

இதைச் சொன்னதும் மருமகன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "மழையில ரெண்டு தடவை வால் வீசிருச்சு மாமா. டயர் தேஞ்சதுன்னு நெனச்சேன். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க" என்றான்.

சட்டமும் இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆனால் அவன் மனத்தை மாற்றியது சட்டம் அல்ல, அந்த வால் வீச்சுதான்.

மறுவாரமே கழற்றிய பட்டையைப் போட்டு, யூ போல்ட்டைப் புதிதாக மாற்றி முறுக்கினோம். பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள்; ஒருமுறை முறுக்கியதும் அது நீண்டிருக்கும். இப்போது காலியில் பின்பக்கம் 85 உயரம், பாரத்தோடு 10 தாழ்வு. ஏறக்குறைய சமம்.

தோள்பட்டை வலிக்கு என்ன வழி? நம் கூட்ஸ் ஷெட்டில் வேகன் கதவு மட்டத்துக்கு மேடை கட்டியிருப்பார்கள் அல்லவா, அதுதான் நினைவுக்கு வந்தது. மலையில் மேட்டுக்கா பஞ்சம்? தோட்டத்து வரப்பு ஓரமாக ஒரு திட்டு இருந்தது. மண்வெட்டியால் அதன் முகத்தைச் செதுக்கி, கல் அடுக்கி, வண்டியைப் பின்னால் விட்டு ஒட்டினோம். கதவைத் திறந்து போட்டால் திட்டும் தட்டும் ஒரே மட்டம். தங்கை முதல் மூட்டையைத் தூக்காமல் அப்படியே உருட்டி உள்ளே தள்ளினாள்.

"இத்தனை வருசமா இந்தத் திட்டு இங்கயேதான் இருந்துச்சுண்ணே" என்றாள்.